தண்ணீர்க் கணக்கு

செவ்வாய்க்கிழமை வந்த போர்க்கப்பலுக்கு
கோவா நானூறு கிலோ, போஞ்சி நூற்றைம்பது,
முட்டை ஆறாயிரம்,
நல்ல தண்ணீர் இருநூற்றிருபது தொன்.
பற்றுச்சீட்டில் கையெழுத்திட்ட அதிகாரி
பேனையை மூடாமலே கேட்டார்:
போன மாதம் வந்தவர்கள் எவ்வளவு ஏற்றினார்கள்?

போன மாதம் வந்தது வேறு கொடி.
அந்தக் கப்பலின் அதிகாரியும்
பல்வலியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு
இதே மேசையில் இதையேதான் கேட்டார்.
அது சொல்லக்கூடாது சேர், என்றேன் இருவருக்கும்.
இருவரும் சிரித்தார்கள்.
இருவரும் இருபது தொன் கூட்டி எழுதச் சொன்னார்கள்.

பத்திரிகைக்காரர்கள் பெரிய காரணம் எழுதுகிறார்கள்.
கொள்கை, எண்ணெய், நீரிணை,
எப்போதோ எவனோ கீறிய எல்லைக்கோடு.
இருக்கலாம். நான் மறுக்கவில்லை.
காலிமுகத்திடலில் இறால் வடை தின்றபடி
தூரத்து விளக்குகளை எண்ணினால் எனக்கும் கொஞ்சம் விளங்கும்:
ஒருவனுடைய சோறு
இன்னொருவனுடைய துவக்குக்கு முன்னால்தான் போகவேண்டியிருக்கிறது.
துவக்குக்காரன் நல்லவனாகவே இருக்கட்டும்.
தின்கிறவனுக்குத் தொண்டையில் இறங்குமா?

ஆனால் எனக்குத் தெரிந்த பகை ஒன்றுதான்.
மஹ்ரூப்.
துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக
எனக்கு எதிர்ப்பக்கத்தில் லொறி நிறுத்துகிறவன்.

அவன் குளிரறை கட்டினான் என்று நான் கட்டினேன்.
நான் கட்டப்போகிறேன் என்று கேள்விப்பட்டுத்தான்
அவன் கட்டினானாம்.
இரண்டும் பாதி வெறுமையாய் உறைந்துகிடக்கின்றன.
இரண்டுக்கும் வட்டி ஒரே வங்கியில்.
எதனால் தொடங்கியது என்று கேட்டால்
நான் ஒரு வெங்காய மூட்டையைச் சொல்வேன்,
அவன் ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்வான்.
மூட்டை அழுகி மண்ணாகிவிட்டது.
அந்தத் தொலைபேசி நிறுவனம்கூட இப்போது இல்லை.

டீசலுக்கு வரிசை நின்ற வருடம்
கொட்டாஞ்சேனையில் மூன்று இரவு
அவனுடைய லொறிக்குப் பின்னால் என்னுடைய லொறி.
இரண்டாம் இரவு ஒரு பையனிடம்
பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினான்.
நான் முகர்ந்து பார்த்தேன்.
விளிம்பைப் பார்த்தேன்.
ஏன் இன்றைக்கு, என்று யோசித்தேன்.
அதில் தேத்தண்ணீர்தான் இருந்தது, சீனிகூட இல்லை,
அந்த நாட்களில் யாரிடமும் சீனி இல்லை.
ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
சக்கரத்தடியில் ஊற்றினேன்.
கண்ணாடியில் அவன் பார்த்திருப்பான்.
பின்னால் வருபவனைப் பார்க்கத்தானே
அந்தக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கோட்டை இருந்தது.
போர்த்துக்கேயன் கட்டினான்.
ஒல்லாந்தன் பிடித்து,
இனி ஒருவன் வருவானென்று தடிப்பாக்கினான்.
அந்த ஒருவன் வந்தான்.
வந்தவனும் அதே மதிலில் ஏறி
கடலைத்தான் பார்த்தான்,
இனி ஒருவனுக்காக.
பிறகு மதிலை இடித்துவிட்டார்கள்.
கல் எங்கே போயிற்றோ.
இன்றைக்கும் பஸ் நடத்துனர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
கோட்டை, கோட்டை, கோட்டை என்று கத்துகிறான்.
நாங்களும் ஏறுகிறோம்,
சரியான இடத்தில் இறங்குகிறோம்.

நேற்றுப் பின்னேரம் கப்பல் போய்விட்டது.
இழுவைப் படகு திரும்பிவரும்போது
என் கிளார்க் தனுஜன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.
மஹ்ரூபின் மகன் சும்மா கதைத்தானாம்.
சும்மா கதையில் கேட்டானாம்,
உங்கள் முதலாளி செவ்வாய்க்கிழமை
எத்தனை தொன் தண்ணீர் ஏற்றினார் என்று.

இருநூற்று நாற்பது என்று சொல், என்றேன்.
அவன் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டேன்.

முந்நூறு என்று சொல்.